கோழி எருவும் சாணிக் குப்பையும் மக்கும்போது கரி சேர்த்தால் என்ன ஆகும்? கொங்கு விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை, பல்லடம் பக்கம் கறிக்கோழிக் கொட்டகை, காங்கயம் தாராபுரம் பக்கம் ஆட்டுப்பட்டியும் கட்டுத்தறியும், பொள்ளாச்சி உடுமலை பக்கம் தேங்காய் நார் எடுக்கும் மஞ்சி மில். எருவுக்கும் அதோடு கலக்கும் பொருளுக்கும் பஞ்சமில்லாத சீமை நம்முடையது. ஆனால் காசு கொடுத்து வாங்கி, டிராக்டர் வைத்து அடிக்கிற குப்பையில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பெரும் பங்கு காட்டுக்கு வந்தே சேர்வதில்லை. அதைப் பிடித்து நிறுத்த என்ன செய்யலாம், அதில் கரிக்கு என்ன வேலை என்பதுதான் இங்கே பேச்சு.

எருவில் இருக்கிற சத்து எங்கேதான் போகிறது?

காற்றில் போகிறது. விடியற்காலையில் கோழிக் கொட்டகையின் படுதாவைத் தூக்கியதும் கண் எரிந்து நீர் வடிகிறதே, அந்த நெடிதான் உங்கள் தழைச்சத்து. அம்மோனியா வாயுவாக மாறி வெளியேறிக்கொண்டிருக்கிறது.

கோழிக்கு மாடு மாதிரி தனியாக மூத்திரம் கிடையாது. கழிவுத் தழைச்சத்து பெரும்பாலும் யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்ந்தே வருகிறது. வெள்ளையாகத் தெரிவது அதுதான். நுண்ணுயிர்கள் அதை உடைத்து யூரியாவாகவும் பிறகு அம்மோனியாவாகவும் ஆக்குகின்றன. ஈரமும் சூடும் இருந்தால் இது நாள்கணக்கில் நடந்து முடிந்துவிடும். எருவின் கார அமில நிலை (pH) 8-க்கு மேல் போகப் போக, அம்மோனியா தண்ணீரில் தங்காமல் வாயுவாகக் கிளம்பும். முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு கெட்டியாக வருவதற்குச் சுண்ணாம்புக்கல் நிறையப் போடுகிறோம். மிச்சம் எச்சத்தில் வருகிறது. அதனால் நம் முட்டைக்கோழி எரு பிறவியிலேயே காரம். அதைச் சும்மா குவித்து வைத்தால் தழைச்சத்தில் பாதி வரைகூடப் போய்விடும்.

மாட்டில் கதை வேறு. தழைச்சத்தில் பாதிக்கு மேல் கோமியத்தில்தான் இருக்கிறது. கட்டுத்தறியில் அது மண்ணில் ஊறியோ வாய்க்காலில் வழிந்தோ போய்விட, நாம் சாணியை மட்டும் அள்ளிக் குப்பைக்குழியில் போடுகிறோம்.

பயோசார் என்கிறார்களே, அது அடுப்புக்கரியா, சாம்பலா?

சாம்பல் இல்லை. விறகு முழுக்க எரிந்தால் சாம்பல். காற்று போதாமல் வெந்தால் கரி. மண்ணுக்கும் எருவுக்கும் போடுவதற்காக, காய்ந்த விறகையோ பயிர்க்கழிவையோ 350 முதல் 700 டிகிரி வரை சூடாக்கிச் சுட்ட சுத்தமான கரியைத்தான் பயோசார், உயிர்க்கரி என்கிறார்கள். ரசாயனம் எதுவும் கலக்காமல் நன்றாகச் சுட்ட விறகுக்கரியும் இந்த வேலையைச் செய்யும். கையில் தேய்த்துப் பார்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். போய்விட்டால் நல்ல கரி. சோப்பு போட்டால்தான் போகிறது, தார் வாசம் அடிக்கிறது என்றால் சரியாக வேகாத கரி, குவியலுக்கு வேண்டாம்.

குவியலுக்குள் போய் அது என்ன வேலை செய்கிறது?

முதல் வேலை, காற்று விடுவது. கோழி எருவும் சாணியும் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உள்ளே காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில் மீத்தேன் உண்டாகும், நாற்றம் வரும், சூடு ஏறாது. சுண்டைக்காய் அளவுள்ள கரித்துண்டுகள் நடுவில் இருந்தால் இடுக்குகள் திறந்தே இருக்கும். அதனால் கரி சேர்த்த குவியல் பெரும்பாலும் சீக்கிரம் சூடேறும், அதிக சூட்டைத் தொடும்.

இரண்டாவது, அம்மோனியாவைப் பிடித்து வைப்பது. கரியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அந்தச் சுவர்களில் இருக்கும் அமிலத்தன்மையுள்ள முனைகள் அம்மோனியத்தைப் பற்றிக்கொள்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கோழிக்கொட்டகை எருவோடு பைன் மரக்கரியை 20 சதவீதம் கலந்து மக்க வைத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், வெளியேறும் காற்றில் அம்மோனியா 64 சதவீதம் வரையும் மொத்தத் தழைச்சத்து இழப்பு 52 சதவீதம் வரையும் குறைந்தது. 20 சதவீதம் என்பது நமக்குக் கட்டுப்படியாகாத அளவு. குறைத்துப் போட்டால் பலனும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேலையைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. குவியல் ஆறி 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் வேறு நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மழைக்குக் கரைந்து ஓடும் சரக்கு. எருவோடு சேர்ந்து மக்கிய கரி அந்த நைட்ரேட்டையும் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது என்று 2015-இல் ஜெர்மனியில் செய்த ஆய்வு காட்டியது. இரண்டு வருடம் கழித்து வந்த இன்னொரு ஆய்வு அதற்குக் காரணம் சொன்னது. மக்கும் காலத்தில் எருவிலிருந்து வரும் கரிமப் பொருள் கரியின் துளைச் சுவர்களில் மெல்லிய படலமாகப் படிகிறது. தண்ணீரையும் சத்தையும் பிடிப்பது அந்தப் படலம்.

மக்கிய குவியலைக் கிளறி ஒரு கரித்துண்டை எடுத்து உடைத்துப் பாருங்கள். போட்டபோது மொடமொடவென்று பளபளத்த கரி, இப்போது ஈரமாக, விளிம்பெல்லாம் பழுப்பேறி, இடுக்குகளில் குப்பை அப்பிக்கொண்டு இருக்கும். அதே துண்டை அடுத்த போகத்தில் காட்டு மண்ணிலிருந்து எடுத்தால் சல்லிவேர் சுற்றியிருப்பதையும் பார்க்கலாம்.

சரி, எவ்வளவு போட வேண்டும்?

காய்ந்த எடைக் கணக்கில் 5 முதல் 10 சதவீதம். அதற்கு மேல் போனால் பலன் கூடுகிற அளவைவிடச் செலவு கூடுகிற அளவு அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பண்ணையிலிருந்து வரும் ஈரமான முட்டைக்கோழி எரு ஒரு டன். அதில் 700 கிலோ தண்ணீர்தான், காய்ந்த சரக்கு 300 கிலோ. அதில் கார்பனும் தழைச்சத்தும் ஏறக்குறைய 8-க்கு 1. நன்றாக மக்குவதற்கு 25 அல்லது 30-க்கு 1 வேண்டும். அதற்கு மக்காச்சோளத் தட்டு, வைக்கோல், மஞ்சி மில்லில் கழியும் நார்த்தூள் என்று கார்பன் மிகுந்த காய்ந்த சரக்கு ஏறக்குறைய அரை டன் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் காய்ந்த எடை மொத்தம் 800 கிலோவை ஒட்டி வரும். அதற்குக் கரி 40 முதல் 80 கிலோ.

நார்த்தூளை மட்டும் போட்டு அரை டன்னை நிரப்பிவிடாதீர்கள். அதில் லிக்னின் அதிகம், நுண்ணுயிர்களுக்கு எளிதில் கிடைக்காது. கணக்கில் கார்பன் இருக்கும், குவியல் சூடேறாது. பாதி நார்த்தூள், பாதி துண்டு துண்டாக வெட்டிய தட்டு என்று கலந்தால் சரியாக வரும்.

கரியும் கார்பன்தானே, அதை அந்த 25-க்கு 1 கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. கரியில் இருக்கும் கார்பன் மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் மக்காமல் கிடப்பது. நுண்ணுயிர்களுக்கு அது தீனி இல்லை, இருப்பிடம். தட்டைக் குறைத்துவிட்டுக் கரியைக் கூட்டினால் அம்மோனியா பழையபடி கிளம்பும்.

எப்போது போட வேண்டும்?

முதல் நாளே, குவியல் போடும்போதே. அம்மோனியா அதிகம் போவது முதல் இரண்டு மூன்று வாரங்களில். மக்கி முடிந்த பிறகு மேலே தூவினால், போனது போனதுதான். இன்னும் நல்லது, கொட்டகையிலேயே தொடங்குவது. கறிக்கோழிக்கு நார்த்தூள் படுக்கை விரிக்கும்போதே அதில் கொஞ்சம் கரி கலக்கலாம். முட்டைக்கோழிக் கூண்டுக்கு அடியில் எச்சம் விழும் இடத்தில் அவ்வப்போது தூவலாம். கொட்டகைக்குள் தூசியாகப் பறக்காமல் இருக்கக் கரியை நனைத்துத்தான் போட வேண்டும்.

தேங்காய்த் தொட்டிக்கரி (சிரட்டைக்கரி) தூள் சல்லிசாகக் கிடைக்கிறது. அது ஆகுமா?

காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டியைச் சுடுபவர்களிடம் சலித்துக் கழித்த தூள் கிடைக்கும். ஆகும், ஆனால் பாதி மனதோடுதான் சொல்கிறேன். தொட்டிக்கரி கெட்டியானது, துளைகள் மிக நுண்ணியவை. அம்மோனியாவைப் பிடிக்கும். ஆனால் மாவாக இருப்பதால் காற்று விடும் வேலையைச் செய்யாது, சில சமயம் இடுக்குகளை அடைத்தும் விடும். தூளோடு சிறு துண்டுகளாக உடைத்த விறகுக்கரியையும் கலந்து போடுங்கள். கரி ஆலைக்கு வேறு ஏதாவது கழிவு வந்து அந்தத் தூளில் கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்திலேயே சுட்டுக்கொள்ள முடியுமா? எதைச் சுடுவது?

முடியும். சீமைக் கருவேலம், பருத்திமார், மரவள்ளிக் குச்சி, மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கை, தென்னை மட்டை எல்லாம் ஆகும். ஒரே நிபந்தனை, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மாட்டுக்கு ஆகிற தட்டையும் கொடியையும் சுடாதீர்கள், அது தீவனம்.

மேல் வாய் அகலமாக, அடி குறுகி, புனல் வடிவில் ஒரு குழி வெட்டுங்கள். மேலே 5 அடி, ஆழம் இரண்டரை அடி போதும். அடியில் சுள்ளி வைத்துப் பற்ற வையுங்கள். அது கனன்று மேலே வெள்ளையாகச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு போடுங்கள். அதுவும் பூத்ததும் அடுத்தது. மேலே எரிகிற தீ வெளிக்காற்றை இழுத்துத் தின்றுவிடுவதால் அடியில் இருப்பது சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும். கீழிருந்து வரும் புகையையும் அதே தீ எரித்துவிடும். புகை எழும்பினால் விறகு ஈரம், அல்லது அவசரப்பட்டு அடுக்கைத் தடிப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். குழி நிரம்பியதும் தண்ணீர் விட்டு முழுக்க அணைக்க வேண்டும். காய்ந்த விறகு 100 கிலோ போட்டால் 20 முதல் 25 கிலோ கரி கிடைக்கும்.

அணைத்த கரியை அன்றைக்கே சாக்கில் கட்டிச் சாளைக்குள் வைக்காதீர்கள். உள்ளே ஒரு கங்கு தங்கியிருந்தாலும் இரவில் பற்றிக்கொள்ளும். ஒரு நாள் வெளியே பரப்பிக் கிடக்கட்டும். அணைத்த தண்ணீர் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகவே கூடாது. கரி சுடும் இடங்களைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது என்ற மனக்குறை நம் பக்கம் பல ஊர்களில் உண்டு. அதை நம் தோட்டத்துக்குள் நாமே கொண்டுவர வேண்டாம்.

மாட்டுச் சாணத்துக்கும் கரி வேண்டுமா?

சாணிக் குவியலில் அம்மோனியா இழப்பு கோழி எருவில் போல் இருக்காது. அதனால் குவியலில் கலப்பதைவிட, கரியை முதலில் கோமியத்தில் ஊற வைப்பது நல்லது என்பேன். கட்டுத்தறி வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு தொட்டியோ பழைய டிரம்மோ வைத்து, அதில் கரியைப் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை ஊறின கரியை அள்ளிச் சாணிக் குவியலில் அடுக்குங்கள். வழிந்து போய்க்கொண்டிருந்த சத்து குப்பைக்கு வந்து சேரும். ஆட்டுப் புழுக்கைக்கு 5 சதவீதம் போதும். அதைவிட அதற்கு முக்கியம் ஈரமும் சூடும். காய்ந்த புழுக்கை நனைத்துக் கொடுத்தால்தான் மக்கும். மக்காத பட்டி எருவை அடித்த காட்டில் களை எப்படி முளைக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாற்றம் போகச் சுண்ணாம்பு தூவுகிறோம், சாம்பலும் கொட்டுகிறோம். தப்பா?

தப்பு. இரண்டும் காரத்தைக் கூட்டும். கூடினால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். இரண்டு நாளில் நெடி குறைந்ததே என்பார்கள். போகவேண்டியது போய்த் தீர்ந்ததால் குறைந்த நெடி அது. சாம்பலை மக்கி முடிந்த எருவோடு காட்டில் போட்டுக்கொள்ளலாம், அதுவும் கொஞ்சமாக.

ஜிப்சம், சூப்பர் பாஸ்பேட், வண்டல் மண், கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல்?

சூப்பர் பாஸ்பேட்டும் ஜிப்சமும் உண்மையிலேயே உதவும். ஜிப்சத்தின் கந்தகம் அம்மோனியாவைப் பிடித்து அம்மோனியம் சல்பேட் ஆக்குகிறது. சூப்பருக்கு அமிலத்தன்மையும் உண்டு, மணிச்சத்தும் சேரும். ஒரு எச்சரிக்கை: குவியல் சொதசொதவென்று காற்றில்லாமல் கிடந்தால் அதே கந்தகம் அழுகின முட்டை நாற்றமாக வெளியே வரும். காற்றோட்டம் சரியானால் இந்தத் தொல்லை இல்லை. கரியையும் சூப்பரையும் சேர்த்துப் போடுவது தனித்தனியாகப் போடுவதைவிட நல்லது, கரியின் காரத்தைச் சூப்பர் சமன் செய்துவிடும்.

குளத்து வண்டல் நம் பெரியவர்கள் அடுக்குக்கு அடுக்கு போட்டு வந்ததுதான். அதில் உள்ள களி அம்மோனியத்தைப் பிடிக்கும். கையில் கரி இல்லாதவர்களுக்கு இது நல்ல மாற்று. ஜியோலைட் என்ற துளையுள்ள கனிமமும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை கொடுத்து வாங்கி எருவில் போட நியாயம் இல்லை.

நுண்ணுயிர்க் கரைசலுக்காகச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. எருவிலேயே வேண்டிய உயிர்கள் இருக்கின்றன, பழைய மக்கிய குப்பை இரண்டு கூடை போட்டால் அதுவே போதும். நார்த்தூள் அதிகம் உள்ள குவியல் ஒன்றுதான் விதிவிலக்கு. அதற்குச் சிப்பிக்காளான் வித்து போடும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்ப்பதாக இருந்தால் குவியல் ஆறின பிறகுதான் சேர்க்க வேண்டும். 60 டிகிரி சூட்டில் போட்டால் செத்துவிடும்.

ஈரமும் சூடும் சரியாக இருக்கிறதா என்று கருவி இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு தலைகாட்ட வேண்டும். ஒழுகினால் தட்டு சேர்த்துப் புரட்டுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சூட்டுக்கு, ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைக் கையால் பிடிக்க முடியாத அளவு கொதித்தால் 55 டிகிரியைத் தாண்டிவிட்டது. நோய்க்கிருமியும் பெரும்பாலான களை விதைகளும் சாக இந்தச் சூடு குவியலின் எல்லாப் பகுதிக்கும் கிடைக்க வேண்டும். அதனால்தான் 15 நாள் சூடு, அதற்குள் 5 முறை புரட்டல் என்று விதி வைத்திருக்கிறார்கள். குவியல் 5 அடி அகலம், 4 அடி உயரம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் சூடு நிற்காது.

கரியை நேராகவே காட்டில் போட்டால் என்ன? வேலை மிச்சமாகுமே.

போடாதீர்கள். சத்து ஏறாத புதுக்கரி மண்ணில் இருக்கிற தழைச்சத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். பயிர் முதல் போகத்தில் மஞ்சளடிக்கும். மேலே சொன்ன 2015 ஆய்விலேயே, எருவோடு மக்கிய கரி செடியை நன்றாக வளர்த்தது, அதே கரியைப் பச்சையாகப் போட்ட தொட்டிகளில் வளர்ச்சி குன்றியது.

எங்கள் மண் சுண்ணாம்பு மண். கரியும் காரம்தானே, ஆகுமா?

நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் யாரும் கரி வாங்கக் கூடாது. கரி போட்டால் மகசூல் கூடும் என்ற ஆய்வுகளில் பல, அமில மண் உள்ள வெப்பநாடுகளில் நடந்தவை. அங்கே கரியின் காரம் மண்ணைச் சீர்செய்தது. நம் செவலைக் காடுகளில் இரண்டடி தோண்டினால் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) வருகிறது, கார அமில நிலை பல இடங்களில் 8-ஐத் தாண்டும். அந்த லாபம் நமக்குக் கிடைக்காது. சாம்பல் கலந்த கரியை அள்ளிக் கொட்டினால் ஏற்கெனவே இருக்கும் இரும்பு, துத்தநாகக் குறை இன்னும் முற்றும்.

நமக்குக் கிடைப்பது வேறு இரண்டு. ஒன்று, குவியலில் காப்பாற்றிய தழைச்சத்து. இரண்டு, வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்கிற சீமையில் மேல்மண் கொஞ்சம் கூடுதலாக ஈரம் பிடிப்பது. செவலைக்கும் மணல் சாரி மண்ணுக்கும் இது தெரியும். பல்லடம், பொள்ளாச்சிக் கரிசலில் அவ்வளவு தெரியாது. எருவோடு மக்கும்போது கரியின் காரமும் பெருமளவு தணிந்துவிடும். விறகுக்கரியைப் பயன்படுத்துங்கள், சாம்பலைச் சலித்துத் தள்ளுங்கள், மண் பரிசோதனைக்கு ஒரு முறை கொடுத்துவிடுங்கள்.

கோழிக்குப் போடும் மருந்தும் உலோகமும் எருவில் வருமே?

வரும். தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும் பெரும்பங்கு எச்சத்தில்தான் வருகின்றன. கரி அவற்றைப் பற்றிக்கொண்டு பயிருக்குப் போவதைக் குறைக்கும், ஆனால் அளவைக் குறைக்காது. வருடா வருடம் ஒரே காட்டில் போட்டால் சேர்ந்துகொண்டேதான் போகும். மருந்து எச்சத்தில் சிலவற்றைச் சூடான குவியல் சிதைக்கும், எல்லாவற்றையும் அல்ல. மனிதர்களுக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019-இல் நாடு முழுக்கத் தடை வந்தது. எந்தப் பண்ணை எரு, என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். உப்பையும் கரி நீக்காது. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக உள்ள இடத்தில் கோழி எருவின் அளவைக் குறைத்தே போடுங்கள்.

குப்பைமேட்டில் காண்டாமிருக வண்டுப் புழு வருகிறதே?

கரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூடாக இருக்கும் வரை புழு தங்காது, ஆறிப்போய் மாதக்கணக்கில் கிடக்கும் குப்பையில்தான் முட்டையிடும். தென்னந்தோப்புக்காரர்கள் ஆறின குவியலில் அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து வைக்கலாம், மக்கியதும் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் குவியலை என்ன செய்வது?

மேட்டில் போட்டுத் தென்னங்கீற்றால் மூடுங்கள், பத்தாவிட்டால் படுதா. கரி கொஞ்சம் பிடித்து வைக்கும் என்பதற்காக மழையில் விட்டுவிடக் கூடாது. சாம்பல் சத்து (பொட்டாஷ்) கரைந்து காப்பித்தண்ணி நிறத்தில் ஓடுவதைக் கரியால் நிறுத்த முடியாது.

மக்கி முடிந்தது என்று எப்படித் தெரியும்? ஏக்கருக்கு எவ்வளவு?

புரட்டினாலும் மறுபடி சூடேறக் கூடாது. அம்மோனியா நெடி போய் மண் வாசம் வர வேண்டும். கரித்துண்டைத் தவிர வேறெதையும் இன்னதென்று அடையாளம் காண முடியாமல் இருக்க வேண்டும். இதற்கு இரண்டரை, மூன்று மாதம் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு தட்டில் போட்டுக் கம்போ பச்சைப்பயறோ விதைத்துப் பாருங்கள், முளை கருகினால் இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும்.

மஞ்சளுக்கு வழக்கமாக அடியுரமாக ஏக்கருக்கு 10 டன் தொழு எரு சொல்வார்கள். கோழி எருவில் செய்த இந்தக் குப்பையில் சத்தும் உப்பும் அதிகம் என்பதால் 2 அல்லது 3 டன்னில் தொடங்கி, மீதியைச் சாணிக் குப்பையால் நிரப்புங்கள். வைகாசி நடவுக்கு வேண்டுமென்றால் மாசிக்குள் குவியல் போட்டுவிட வேண்டும். முதல் வருடம் காட்டில் நாலு பாத்திக்குக் கரி சேர்த்த குப்பை, பக்கத்திலேயே நாலு பாத்திக்குச் சேர்க்காத குப்பை என்று போட்டு, தோண்டும்போது கிழங்கைத் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். மறுவருடம் எவ்வளவு கரி வாங்குவது என்பதை அந்த எடையை வைத்து முடிவு செய்யலாம்.